ஊராட்சித் தெருவில் ஐஸ் வண்டி: பதிவும் உரிமமும் பாதுகாப்பும் – வையம்பட்டியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தெருவில் ஐஸ் விற்பவரை இந்தியச் சட்டம் இருவகையாகக் காண்கிறது. உணவு விற்பவர் என்ற முறையில் அவர்மீது கடமைகளைச் சுமத்துகிறது. தெருவைப் பயன்படுத்திப் பிழைப்பவர் என்ற முறையில் அவருக்குச் சில பாதுகாப்புகளை அளிக்கிறது. முதல் வகைச் சட்டம் மாநகரம் முதல் குக்கிராமம் வரை ஒரே சீராகப் பொருந்தும். இரண்டாம் வகைச் சட்டமோ நகர எல்லையோடு நின்றுவிடுகிறது. திருச்சிராப்பள்ளி மாவட்டம் வையம்பட்டி போன்ற கிராம ஊராட்சியில் ஐஸ் வண்டி ஓட்டுபவர் கடமையை முழுமையாகச் சுமந்தும் பாதுகாப்பைப் பெறாதவராகவும் இருக்கும் நிலையை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச் சொற்கள்: ஐஸ் வண்டி, உணவுப் பாதுகாப்புச் சட்டம், பதிவுச் சான்றிதழ், தெரு வியாபாரிகள் சட்டம், கிராம ஊராட்சி, வையம்பட்டி.

முன்னுரை

திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் நெடுஞ்சாலையில் மணப்பாறையைக் கடந்ததும் வருவது வையம்பட்டி. ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடம். தொடர்வண்டி நிலையம் உள்ள ஊர். சுற்றுப்புறச் சிற்றூர்களுக்குக் கடைத்தெரு. ஆயினும் ஆட்சி வகைப்பாட்டில் இது நகராட்சியோ பேரூராட்சியோ அன்று. கிராம ஊராட்சியே ஆகும். அருகிலுள்ள மணப்பாறை நகராட்சியாகும். இவ்விரு ஊர்களுக்கும் இடையே மிதிவண்டியிலோ மொபெட்டிலோ பெட்டியைக் கட்டிக்கொண்டு செல்லும் ஒருவர், ஒரே நாளில் இருவேறு சட்ட உலகங்களுக்குள் நுழைந்து வெளியேறுகிறார் என்பது வெளிப்பார்வைக்குத் தெரிவதில்லை.

வறண்ட மணப்பாறை வட்டாரத்தில் மாசி தொடங்கி ஆடி வரை ஐஸ் விற்பனைக்குரிய காலமாகும். குச்சி ஐஸ், பால் ஐஸ், சேமியா ஐஸ், கப் ஐஸ் என விற்பவரும் வாங்குபவரும் அழைக்கும் பொருள்கள் அனைத்தையும் சட்டம் ஒரே பெயரால் அழைப்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் தரநிலைப்படி ஐஸ்கிரீம் என்ற பெயருக்குரிய பொருளில் பால் கொழுப்பு 10 விழுக்காட்டுக்கும், மொத்தத் திடப்பொருள் 36 விழுக்காட்டுக்கும் குறையக் கூடாது. கொழுப்பு குறைந்த வகைகளுக்குத் தனி அளவுகளும் தனிப் பெயர்களும் உண்டு. பால் கொழுப்புக்குப் பதிலாகத் தாவரக் கொழுப்புச் சேர்த்தால் அது உறைந்த இனிப்பு என்னும் வேறு வகையாகிறது. சர்க்கரைத் தண்ணீரில் நிறமும் மணமும் சேர்த்து உறைய வைத்த குச்சி ஐஸ் முற்றிலும் தனி வகை. பெட்டியின்மேல் 'ஐஸ்கிரீம்' என்று பெரிதாக எழுதிவிட்டு உள்ளே குச்சி ஐஸ் மட்டும் வைத்திருப்பவர், தம்மை அறியாமலேயே தவறான பெயரிடல் என்னும் குற்றச்சாட்டின் ஓரத்தில் நிற்கிறார். அதற்கான தண்டத்தொகையின் உச்சவரம்பு 3 இலட்சம் ரூபாய். இத்தகைய வண்டிகள்மீது அப்பிரிவு பாய்வது அரிது என்றாலும், பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைச் சட்டம் எவ்வளவு கூர்மையாக நோக்குகிறது என்பதற்கு இது சான்றாகும்.

உரிமமா, பதிவா?

ஐஸ் வண்டிக்கு 'லைசென்ஸ்' வேண்டும் என்பது பொதுவழக்கு. சட்டமொழியில் இது பிழையாகும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006இன் பிரிவு 31(1) உணவுத் தொழில் நடத்துவோர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. அடுத்த உட்பிரிவே, தாமே உணவு தயாரித்து விற்கும் சிறு தயாரிப்பாளர், சிறு சில்லறை வணிகர், கூவி விற்பவர், ஊர் ஊராகச் சென்று விற்பவர், தற்காலிகக் கடை வைத்திருப்பவர் ஆகியோருக்கு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கிறது. இவர்கள் பதிவு மட்டும் செய்துகொண்டால் போதும். ஆகவே ஐஸ் வண்டிக்காரருக்குத் தேவையானது உரிமம் அன்று, பதிவுச் சான்றிதழே.

இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடு அன்று. உரிமம் இன்றித் தொழில் நடத்துவோருக்குச் சிறைத்தண்டனை விதிக்கும் பிரிவு 63, பிரிவு 31(2)இன்கீழ் விலக்குப் பெற்றோரை வெளிப்படையாகவே தன் வரம்பிலிருந்து நீக்கியுள்ளது. பதிவு செய்யாத ஐஸ் வண்டிக்காரர் விதியை மீறியவரே. ஆனால் உரிமமின்மைக்காகச் சிறைக்கு அனுப்பப்படத் தக்கவர் அல்லர். 'லைசென்ஸ் இல்லாவிட்டால் உள்ளே போக வேண்டியதுதான்' என்று தெருவில் எழும் மிரட்டலுக்கு இப்பிரிவில் இடமில்லை.

உரிமமும் பதிவும் வழங்குவதற்கான 2011ஆம் ஆண்டு விதிமுறைகள் இப்பதிவை எளிமையாகவே வகுத்தன. ஆண்டு விற்றுவரவு 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாதோர் பதிவு வகையில் அடங்கினர். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாயாக இருந்தது. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை விரும்பிய காலத்துக்குப் பதிவு செய்ய முடிந்தது. விண்ணப்பம் பெற்ற ஏழு நாள்களுக்குள் பதிவு வழங்க வேண்டும், அல்லது காரணம் எழுதி மறுக்க வேண்டும், அல்லது ஆய்வுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். ஏழு நாள்களில் எதுவும் நிகழாவிடினும், ஆய்வுக்குப்பின் முப்பது நாள்களில் முடிவு தெரிவிக்கப்படாவிடினும் விண்ணப்பதாரர் தொழிலைத் தொடங்கலாம். அலுவலகத்தின் மௌனத்தை விண்ணப்பதாரருக்குச் சாதகமாகக் கொள்ளும் விதிகள் நம் நிருவாகச் சட்டங்களில் மிகுதியாக இல்லை. அவ்வகையில் இது குறிப்பிடத்தக்கது.

பதிவுச் சான்றிதழோடு நிழற்படத்துடன் கூடிய அடையாள அட்டையும் வழங்கப்பட வேண்டும். அவற்றைக் கடையிலோ ஊர்தியிலோ தள்ளுவண்டியிலோ கண்ணில் படும் இடத்தில் எந்நேரமும் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 'தள்ளுவண்டி' என்ற சொல் விதிமுறையிலேயே இடம்பெற்றிருப்பது, நகரும் வணிகத்தை மனத்திற்கொண்டே அது எழுதப்பட்டது என்பதைக் காட்டுகிறது.

பதிவு வழங்கும் அதிகாரி யார் என்பதிலும் விதிமுறை கிராமத்தை மறக்கவில்லை. நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோருடன், மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையர் அறிவிக்கை செய்தால் ஊராட்சி அலுவலர் ஒருவரும் பதிவு அதிகாரியாகச் செயல்படலாம். நடைமுறையில் தமிழ்நாட்டில் இப்பணி உணவுப் பாதுகாப்பு அலுவலர்களைச் சார்ந்தே நடைபெறுகின்றது. விண்ணப்பமும் இணையவழிக்கு மாறிவிட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் அலைபவருக்கு இணைய மையத்தின் சேவைக் கட்டணமும், அங்குக் காத்திருப்பதால் இழக்கும் அரைநாள் வருமானமும் 100 ரூபாயைக் காட்டிலும் பெரியவை.

குளிர் கொல்வதில்லை

இவ்வளவு சிறிய வணிகத்தை அரசு ஏன் பதிவு செய்ய வேண்டும் என்னும் வினா நியாயமானதே. விடை பொருளின் இயல்பில் உள்ளது. உறைதல் கிருமிகளின் பெருக்கத்தை நிறுத்துமேயன்றி அவற்றை முற்றிலும் அழிக்காது. டைஃபாய்டு காய்ச்சலை உண்டாக்கும் சால்மொனெல்லா வகைக் கிருமிகள் ஐஸில் உயிரோடு தங்கவல்லவை. சூடான தேநீர் தன்னைத்தானே ஓரளவு தூய்மை செய்துகொள்கிறது; ஐஸுக்கு அந்த வாய்ப்பில்லை. கலவையில் சேரும் தண்ணீர் எத்தகையதோ, ஐஸும் அத்தகையதே.

1946இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் நகரில் டைஃபாய்டு பரவியபோது, அதன் மூலம் ஐஸ்கிரீம் தயாரித்து விற்ற ஒருவரின் உடலில் நோய்க்குறியின்றித் தங்கியிருந்த கிருமி எனக் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே ஐஸ்கிரீம் கலவையைக் குறிப்பிட்ட வெப்பநிலைக்குக் காய்ச்ச வேண்டும் என்ற விதிமுறை பிரிட்டனில் நடைமுறைக்கு வந்தது. அதே வேளையில், சிறு வணிகர்தான் ஆபத்தானவர் என்ற முடிவுக்கு வருதல் பிழை. 1994இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,24,000 பேரை நோயுறச் செய்ததாக மதிப்பிடப்பட்ட சால்மொனெல்லாப் பரவல், நாடு முழுவதும் விற்பனை செய்த ஒரு பெருநிறுவனத்தின் ஐஸ்கிரீம் வழியே நிகழ்ந்தது. பச்சை முட்டை ஏற்றிச் சென்ற கொள்கலன் லாரிகளிலேயே ஐஸ்கிரீம் கலவையும் கொண்டுசெல்லப்பட்டதே காரணம்.

ஐஸ் வண்டியைப் பொறுத்தவரை சுகாதாரம் இரண்டு இடங்களில் தீர்மானிக்கப்படுகிறது: ஒன்று, ஐஸ் உருவாகும் 'ஐஸ் கம்பெனி', மற்றொன்று, வண்டியிலுள்ள பெட்டி. பழைய மரப்பெட்டிகளில் பனிக்கட்டித் துண்டுகளோடு கல்லுப்பைக் கலந்து அதன் நடுவே ஐஸ் வைக்கப்பட்டது. உப்பும் பனிக்கட்டியும் தக்க விகிதத்தில் சேரும்போது வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே சுமார் 21 பாகை வரை இறங்கும் என்பதே இதன் அடிப்படை. இன்று தெர்மாகோல் பதித்த பெட்டிகள் அவ்விடத்தைப் பெற்றுள்ளன. நண்பகலுக்குப்பின் பாதி உருகி, மாலையில் மீண்டும் கம்பெனிக்குச் சென்று உறைய வைக்கப்படும் சரக்கில்தான் ஆபத்து மிகுதி. விதிமுறைகளின் நான்காம் அட்டவணை சிறு உணவுத் தொழில் செய்வோருக்கு வகுத்துள்ள நெறிகளில் குடிக்கத்தக்க நீர், தூய கலன், மூடிய பெட்டி, விற்பவரின் உடல்நலம் ஆகியவை இடம்பெறுகின்றன. இவற்றில் முதலாவது வண்டிக்காரரின் கையில் இல்லை.

ரசீது என்னும் கேடயம்

இங்கேயே சிக்கலின் மையம் உள்ளது. பெரும்பாலான வண்டிக்காரர்கள் ஐஸைத் தாமே தயாரிப்பதில்லை. காலையில் கம்பெனியில் சரக்கு எடுத்து, மாலையில் விற்றதற்குக் கணக்குக் கொடுப்பது வழக்கம். பல இடங்களில் பெட்டியும் வண்டியும்கூடக் கம்பெனிக்கே உரியவை. இம்முறையில் விற்பவர் வணிகரா, கூலியாளா என்பதே தெளிவற்றது. சட்டமோ தொழிலை 'நடத்துபவர் அல்லது உடைமையாகக் கொண்டவர்' உணவுத் தொழில் நடத்துநர் என்கிறது. வண்டியில் நிற்பவர் நடத்துகிறார். வண்டியின் உடைமையாளர் வேறொருவர்.

பிரிவு 27 விற்பனையாளரின் பொறுப்பைத் தனியே கூறுகிறது. காலாவதியான பொருளை விற்றல், தூய்மையற்ற நிலையில் கையாளுதல், பாதுகாப்பற்றது என அறிந்தே பெற்று விற்றல் ஆகியவற்றோடு, தயாரித்தவர் அல்லது வழங்கியவர் இன்னார் என அடையாளம் காட்ட இயலாத பொருளை விற்பதும் அதில் அடங்கும். முகவரி அச்சிடப்படாத தாளில் சுற்றிய, அல்லது தாளே சுற்றாத குச்சி ஐஸை விற்பவர் இவ்வரிக்குள் முழுமையாக அகப்படுகிறார்.

இதற்கான மாற்றைச் சட்டமே வைத்திருக்கிறது என்பது பலரும் அறியாத செய்தி. பிரிவு 26(4)இன்படி, உணவுப் பொருளை விற்பனையாளருக்கு விற்கும் ஒருவர் அதன் தன்மை, தரம் பற்றிய எழுத்துவழி உத்தரவாதத்தையும் தர வேண்டும். சாதாரண விலைச்சீட்டோ ரொக்க ரசீதோ அத்தகைய உத்தரவாதமாகவே கொள்ளப்படும். நாள்தோறும் காலையில் 'இத்தனை குச்சி ஐஸ், இன்ன கம்பெனி, இன்ன தேதி' என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வண்டிக்காரரின் சட்டைப்பையில் இருக்குமானால், குறைபாடு உற்பத்தியில் நேர்ந்தது என்று வாதிடுவதற்கு அவருக்கு ஆவணம் கிடைக்கிறது. அது இல்லையேல் ஐஸின் வரலாறு அவரிடமிருந்தே தொடங்குவதாகக் கருதப்படும். நிறம் சேர்த்தவர் எங்கோ இருக்க, மாதிரி எடுக்கப்படுவதோ தெருவில் நிற்பவரின் பெட்டியிலிருந்து. 2024 பிப்ரவரியில் ரோடமின்-பி என்னும் தடைசெய்யப்பட்ட சாயம் கலந்த பஞ்சு மிட்டாய்க்குத் தமிழ்நாடு அரசு தடை விதித்தபோதும் முதல் அடி விழுந்தது கோலில் கட்டிச் சுமந்து விற்றவர்கள்மீதே.

தண்டத்தொகைகளில் சட்டம் சிறு வணிகரிடம் காட்டும் பரிவு அரைகுறையானது. கேட்ட தன்மையிலோ தரத்திலோ இல்லாத பொருளை விற்றால் 5 இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்கும் பிரிவு 50, பிரிவு 31(2)இல் அடங்குவோருக்கு அதனை 25,000 ரூபாயாகக் குறைக்கிறது. தரக்குறைவான பொருள் பற்றிய அடுத்த பிரிவுக்கு இச்சலுகை நீளவில்லை. அங்கு உச்சவரம்பு அனைவருக்கும் 5 இலட்சமே. தீர்ப்பளிக்கும் அதிகாரி, ஆதாயத்தின் அளவு, தவறு அறியாமல் நேர்ந்ததா என்பன போன்றவற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும் என்று பிரிவு 49 பணிப்பதால் நடைமுறையில் தொகை குறையலாம். சிறைத்தண்டனைக்குரியவை அல்லாத மீறல்களைத் தொகை செலுத்தி இணக்கமாக முடித்துக்கொள்ளச் சிறு வணிகர்களுக்குப் பிரிவு 69 வழி செய்கிறது. எனினும் தீர்ப்பளிக்கும் அதிகாரி கூடுதல் மாவட்ட நடுவர் நிலைக்குக் குறையாதவராக இருத்தல் வேண்டும்; தமிழ்நாட்டில் மாவட்ட வருவாய் அலுவலர் இப்பொறுப்பை வகிக்கிறார். வையம்பட்டி வண்டிக்காரருக்கு இதன் பொருள், ஒவ்வொரு வாய்தாவுக்கும் திருச்சிராப்பள்ளிக்குப் பேருந்து ஏறுவது.

ஒப்பிட்டால் முந்தைய நிலை இதனினும் கடுமையானது என்பதையும் கூற வேண்டும். 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தில், 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப்பின், பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தது ஆறு மாதச் சிறை என்பதே பொதுவிதியாக இருந்தது. 2011 ஆகஸ்டு 5 அன்று அச்சட்டம் நீங்கியது சிறு விற்பனையாளர்களுக்கு உண்மையான விடுதலையே.

நகரத்தோடு நின்ற சட்டம்

தெருவில் நின்று விற்பது உரிமையா, சலுகையா என்ற வினாவுக்கு உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கில் விடையளித்தது. நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு, அரசமைப்பின் உறுப்பு 19(1)(எ) வழங்கும் தொழில் உரிமையில் தெரு வணிகமும் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2010இல் கைந்தா ராம் வழக்கில் இவ்வுரிமைக்குச் சட்டவடிவம் தருமாறு நீதிமன்றம் வலியுறுத்தியது. அதன் விளைவாகவே தெரு வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் தெரு வணிக ஒழுங்குமுறை) சட்டம், 2014 பிறந்து, அவ்வாண்டு மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

ஓரிடத்தில் நில்லாமல் நகர்ந்து விற்பவரையும் இச்சட்டம் தெரு வியாபாரி என்றே வரையறுக்கிறது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுப்பு, விற்பனைச் சான்றிதழ், குறைந்தது 40 விழுக்காடு வியாபாரிகளின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளைக் கொண்ட நகர விற்பனைக் குழு, இடமாற்றத்துக்கு முன் 30 நாள் அறிவிப்பு, சான்றிதழின் நிபந்தனைப்படி விற்பவரைக் காவல்துறை உட்பட எவரும் தடுக்கலாகாது என்ற பிரிவு 27 ஆகியவை இதன் உயிர்நாடிகள். பறிமுதல் செய்த பொருள்களுக்குப் பட்டியல் தர வேண்டும். விரைவில் கெடும் பொருளாயின் உரியவர் கோரிய அன்றே திருப்பித் தர வேண்டும். காய்கறிக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஐஸுக்கு 'அன்றே' என்பதும் காலம் கடந்ததே. பெட்டி அலுவலகத் திண்ணையில் இரண்டு மணி நேரம் இருந்தால் திரும்பி வருவது நிறமேறிய தண்ணீரும் குச்சிகளுமாகவே இருக்கும்.

இத்தனையும் யாருக்கு? 'உள்ளாட்சி அமைப்பு' என்பதற்கு இச்சட்டம் தரும் வரையறையில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, பாசறை வாரியம் ஆகியவற்றோடு, 'எந்த மாநகரிலும் நகரத்திலும்' குடிமைப் பணிகள் செய்து தெரு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் பிற அமைப்புகளும் இடம்பெறுகின்றன. கிராம ஊராட்சி என்ற சொல் அதில் இல்லை. கணக்கெடுப்பு, சான்றிதழ், குழு ஆகிய அனைத்தும் உள்ளாட்சி அமைப்பின் வழியே நிகழ வேண்டியவை ஆதலால், அவ்வரையறைக்கு வெளியே உள்ள ஊரில் சட்டத்தின் எப்பகுதியும் இயங்குவதில்லை. இது கவனக்குறைவால் நேர்ந்த விடுபாடு எனத் தோன்றவில்லை. சட்டத்துக்கு முன்னோடியாக 2004இலும் 2009இலும் வெளியிடப்பட்ட தேசியக் கொள்கைகள் இரண்டும் நகர்ப்புறத் தெரு வியாபாரிகளுக்கானவை என்றே பெயர் பெற்றிருந்தன. நடைபாதை நெரிசலும் வெளியேற்றமும் நகரத்துச் சிக்கல்கள் என்ற எண்ணம் அப்படியே சட்டத்துக்குள் வந்து சேர்ந்தது.

திருச்சிராப்பள்ளி மாநகராட்சிக்கு உட்பட்ட திருவரங்கத்தின் கோயில் வீதிகளில் ஐஸ் வண்டி நிறுத்துபவரும், மணப்பாறைப் பேருந்து நிலையத்தருகே நிற்பவரும் விற்பனைச் சான்றிதழ் கோரும் தகுதியுடையோர். வையம்பட்டிக் கடைத்தெருவில் நிற்பவர் அதே பொருளை, அதே பெட்டியில், அதே உணவுப் பதிவோடு விற்றாலும் கோருவதற்கு அலுவலகம் இல்லை. சோதன் சிங் தீர்ப்பு கூறிய அடிப்படை உரிமை அவருக்கும் உண்டு. அதைக் கையில் எடுத்துக் காட்டுவதற்கான தாள் மட்டும் இல்லை. மணப்பாறை வேப்பிலை மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் வண்டியைக் கொண்டுசெல்லும்போது நிலைமை தலைகீழாகிறது. நகர எல்லைக்குள் சான்றிதழின்றி விற்பவருக்கு 2,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கும் பிரிவு 28 அங்கு அவரை எதிர்கொள்கிறது. சட்டத்தின் பாதுகாப்பு எட்டாத ஊரிலிருந்து வருபவரைத் தண்டம் மட்டும் எட்டுகிறது.

கிராமத்தில் அவரை எந்தச் சட்டமும் தொடுவதில்லை என்றும் கருதலாகாது. பொதுவழியில் இடையூறு செய்தல் என்னும் குற்றத்துக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பிரிவு 283இன்கீழ் 200 ரூபாய் வரையே அபராதம் இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தைப் பிடித்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 285 இதனை 5,000 ரூபாய் வரை உயர்த்தியுள்ளது. நெடுஞ்சாலை நிலத்தில் நின்றால் நெடுஞ்சாலைச் சட்டங்களின் ஆக்கிரமிப்பு விதிகள் பொருந்தும்.

ஊராட்சியின் கை

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994 ஊராட்சிக்கு வழங்கும் உரிமம் சார்ந்த அதிகாரங்கள் பெரிதும் இடத்தைச் சார்ந்தவை. ஆபத்தான அல்லது அருவருப்பான தொழில்களுக்கு ஓரிடத்தைப் பயன்படுத்துவதற்கும், சந்தை நடத்துவதற்கும் உரிமம் உண்டு. ஐஸ் கம்பெனி இந்த நோக்கில் அகப்படும். ஐஸ் வண்டி அகப்படாது, ஏனெனில் அதற்கு இடமே இல்லை. சந்தை கூடும் ஊர்களில் குத்தகைதாரர் வசூலிக்கும் தரைவாடகைச் சீட்டு மட்டுமே ஊராட்சி எல்லைக்குள் வண்டிக்காரர் பெறும் ஆவணம். அது பணம் பெற்றதற்கான சான்று. நிற்பதற்கான உரிமை அன்று.

மாநில அரசுக்கு வழியில்லாமல் இல்லை. 73ஆம் அரசமைப்புத் திருத்தம் இணைத்த பதினோராம் அட்டவணையில் சந்தைகளும் கண்காட்சிகளும் 22ஆம் இனமாகவும், உடல்நலமும் துப்புரவும் 23ஆம் இனமாகவும் உள்ளன. இவை மாநிலச் சட்டத்தின் வழியே ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்கவை. ஊராட்சி அலுவலரை உணவுப் பதிவு அதிகாரியாக அறிவிக்கை செய்ய 2011ஆம் ஆண்டு விதிமுறை இடமளித்ததையும் இதனோடு சேர்த்துப் பார்த்தால், ஊராட்சி அலுவலகத்தில் ஒரே சாளரத்தில் உணவுப் பதிவும் விற்பனை அடையாள அட்டையும் வழங்குவது சட்டத்துக்குப் புறம்பானதொரு கனவன்று. உரிமம் என்ற பெயரில் புதிய கட்டணமாக அது சுருங்கிவிடுமானால் பயனில்லை. கிராமத்துச் சிறு வணிகர்கள் அஞ்சுவதும் அதையே.

பள்ளி வாசலும் தொடர்வண்டி நிலையமும்

ஐஸ் வண்டியின் முதன்மை வாடிக்கையாளர் குழந்தைகள். பள்ளி விடும் மணியும் ஐஸ்காரரின் ஹாரனும் ஒன்றையொன்று அறிந்தவை. பள்ளிக் குழந்தைகளுக்கான பாதுகாப்பான உணவு குறித்த 2020ஆம் ஆண்டு விதிமுறைகள், நிறைவுற்ற கொழுப்போ சேர்த்த சர்க்கரையோ உப்போ மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும், வாயிலிலிருந்து எத்திசையிலும் 50 மீட்டருக்குள்ளும் பள்ளிக் குழந்தைகளுக்கு விற்பதைத் தடுக்கின்றன. குழந்தைகளின் நலன் நோக்கில் இத்தடையில் குறைகூற இயலாது. ஆனால் மிகுதி என்பதற்கு எண்ணளவில் எல்லை வகுக்கப்படாததால், குச்சி ஐஸ் அதில் அடங்குமா என்பதைக் களத்தில் நிற்கும் அலுவலரே முடிவு செய்ய நேர்கிறது. வாசலுக்கு எதிரே நிலையான கடை வைத்திருப்பவருக்கும் அதே 50 மீட்டர் பொருந்தும் என்றாலும், விரட்டுவதற்கு எளிதானது சக்கரம் உள்ள கடையே.

தொடர்வண்டி நிலையத்தில் ஐயத்துக்கே இடமில்லை. 2014ஆம் ஆண்டுச் சட்டம் இரயில்வேக்குரிய நிலங்களையும் வளாகங்களையும் வண்டிகளையும் வெளிப்படையாக விலக்கியுள்ளது. இரயில்வே சட்டம், 1989இன் பிரிவு 144 உரிமமின்றி நிலையத்திலோ வண்டியிலோ விற்பவருக்கு ஓராண்டு வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. தக்க காரணம் பதிவு செய்யப்படாவிடில் அபராதம் 1,000 ரூபாய்க்குக் குறையலாகாது. வையம்பட்டி நிலையத்தின் வேலிக்கு வெளியே விற்பதும் உள்ளே விற்பதும் சில அடி தூரமே; ஒன்றில் சிறையில்லை, மற்றொன்றில் உண்டு.

கடனும் வாரியமும்

சான்றிதழ் இல்லாமையின் விலை வெளியேற்றத்தின்போது மட்டும் தெரிவதில்லை. கடன் கேட்கும்போதும் தெரிகிறது. 2020 ஜூன் 1 அன்று தொடங்கப்பட்ட பிரதமரின் ஸ்வநிதி திட்டம், தெரு வியாபாரிகளுக்குப் பிணையின்றி முதல் தவணையாக 10,000 ரூபாய் வரை கடன் வழங்கியது. விற்பனைச் சான்றிதழோ, நகர்ப்புற உள்ளாட்சியின் அடையாள அட்டையோ, பரிந்துரைக் கடிதமோ அதற்கு வேண்டும். சுற்றுப்புறக் கிராமத்தவரும் பெறலாம்; ஆனால் அவர்கள் நகர எல்லைக்குள் வந்து விற்பவர்களாக இருத்தல் வேண்டும். 2025 ஆகஸ்டில் இத்திட்டம் 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டு, முதல் தவணை 15,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரமாகக் கருதப்படும் ஊர்களுக்கும் நகரை ஒட்டிய பகுதிகளுக்கும் படிப்படியாக விரிவாக்கவும் முடிவாயிற்று. அவ்விரண்டிலும் அடங்காத ஊராட்சியின் உட்கிராமங்களில் மட்டும் சுற்றி விற்பவர் இன்னும் வெளியிலேயே இருக்கிறார். கோடை தொடங்கும்போது புதிய பெட்டிக்கும் பழைய மொபெட்டின் பழுதுக்கும் அவர் கம்பெனியிடமே முன்பணம் பெறுகிறார். முன்பணம் பெற்றவர் ரசீது கேட்பதில்லை.

தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கான 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நல வாரியங்களில் தெருவோர வணிகத் தொழிலாளர்களுக்கான வாரியமும் ஒன்று. அது வசிக்கும் ஊரின் வகைப்பாட்டைக் கேளாமல் செய்யும் தொழிலைக் கேட்கிறது. 18 முதல் 60 வயதுக்குட்பட்ட ஐஸ் வண்டிக்காரர் அதில் உறுப்பினராகி, கல்வி உதவி, திருமண உதவி, விபத்து இழப்பீடு, முதுமையில் ஓய்வூதியம் ஆகியவற்றைக் கோரலாம். வாரிய அட்டை தெருவில் நிற்கும் உரிமையைத் தராது. எனினும் இன்னார் இன்ன தொழில் செய்கிறார் என்று அரசு தன் முத்திரையுடன் எழுதித் தரும் தாள் அது. உணவுப் பதிவுச் சான்றிதழ், வாரிய அட்டை, கம்பெனியின் அன்றாட ரசீது ஆகிய மூன்றுமே ஊராட்சித் தெருவில் ஐஸ் விற்பவர் இன்றைய சட்டத்தில் பெறக்கூடியவை. மூன்றையும் நெகிழி உறையிலிட்டுப் பெட்டியின் மூடியில் ஒட்டிவைக்க ஒரு சாண் இடம் போதும்.